காலடியிலிருந்து கண் வரை

முதல் சொட்டு விழுந்ததுமே செங்கோடனுக்குத் தோன்றியது, இந்தப் பொண்ணு குறி தப்பாதவள் என்பதுதான். இமையை ரெண்டு விரலால் பிளந்து பிடித்து, அவர் வாயைத் திறப்பதற்குள் கண்ணின் நடுமையத்தில் ஒரு துளி, ஐஸ் மாதிரி. அடுத்த கண்ணிலும் அதே இடத்தில் அதே துளி. கும்பினிக்காரனிடம் இப்படி ஒருத்தி பீரங்கிக்கு நின்றிருந்தால் கோட்டை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே விழுந்திருக்கும். "கண்ணை மூடிக்கங்க ஐயா, நான் சொல்ற வரைக்கும் திறக்கக் கூடாது. பத்து நிமிசத்துக்கு ஒருக்கா, மூணு தடவை விடுவேன். கண் பாப்பா நல்லா விரிஞ்சாத்தான் டாக்டர் உள்ள பாக்க முடியும்" என்று சொல்லிவிட்டு அவள் செருப்புச் சத்தம் அடுத்த ஆளிடம் போனது. மூடினார். மூடின கண்ணுக்குள் சிவப்பாக ஏதோ மிதந்தது. மருந்து மூக்கு வழியாக இறங்கித் தொண்டையில் கசந்தது. கண்ணில் விட்டது நாக்கில் கசக்கிறதே, மனுசன் உடம்பில் எது எதோடு குழாய் போட்டிருக்கிறான் என்று எவனுக்குத் தெரியும், பழைய லாரியைப் பிரிக்கிற மாதிரி பிரித்துப் பார்த்தால்தான் தெரியும், நாப்பது வருசம் லாரி பிரித்தவன் சொல்கிறேன். சட்டைப்பையில் கண்ணாடிக்கூடு நெஞ்சைக் குத்தியது. கூட்டுக்குள் கண்ணாடி இல்லை. பஞ்சில் சுற்றி மூன்று அளவில் பொம்மைச் சிப்பாய்கள் படுத்திருக்கிறார்கள். நாற்பது மில்லிமீட்டர் ஆள் ஒருத்தன், இருபத்தெட்டு ஒருத்தன், அப்புறம் ஆறு மில்லிமீட்டர், அதில் ஒருத்தன் இல்லை, பிஸ்கட் அகலத்துக்கு ஒரு சின்ன அட்டையில் இருபது பேரை வரிசையாக ஒட்டி அனுப்பியிருக்கிறாள் பொம்மை செய்து விற்கிற சேலத்துப் பூரணி. "சைஸ் மட்டும் சொல்லுங்கண்ணா, எந்த நம்பர் சொன்னாலும் மெஷின்ல அச்செடுத்துத் தர்றேன். ஆனா மதியம் ஒரு மணிக்குள்ள சொல்லோணும். ரெண்டு படையும் ஒரே சைஸா இருக்கோணும். நாளைக்கு அதைக் கொஞ்சம் பெருசாக்கு, இதைக் கொஞ்சம் சிறுசாக்குன்னு வந்து நிக்கக் கூடாது, மெஷின்ல ஏத்தினா ஏத்தினதுதான்." யாரிடம் பேசுகிறாள்! ஏற்றினதை இறக்கியே பிழைத்தவனிடம். ஆனாலும் இந்த ஒரு நம்பரை அவரால் மூன்று நாளாகச் சொல்ல முடியவில்லை. பக்கத்து நாற்காலிக்கு அடுத்த நாற்காலியில் ஞானாபரணம் உட்கார்ந்திருக்கிறார், ஓய்வுபெற்ற சர்வேயர், எழுபது வயசு, ரெண்டு கையையும் கக்கத்தில் ஒளித்துக்கொண்டு. நடுவில் ஒரு காலி நாற்காலி. முன்னெல்லாம் நடுவில் காலி விட்டு உட்கார்ந்தவர் கிடையாது.

நாற்பதுதான் சரி என்று நேற்று ராத்திரி வரை இருந்தது. பெரிய ஆளாக இருந்தால் பிடிக்கச் சௌகரியம், நடுங்குகிற கைக்குக் கனமான பிடி வேண்டும், ஸ்டியரிங் கூட வயசானவனுக்குத் தடியாகத்தான் துணி சுற்றித் தருவோம். அப்புறம் இருபத்தெட்டு, அது பழகின அளவு, பத்தொன்பது வருசமாக ஞாயிற்றுக்கிழமை தோறும் விளையாடின அளவு. காலடியிலிருந்து கண் வரை இருபத்தெட்டு. அதை முதல் நாள் ஞானாபரணம் சொன்னபோது இவர் சிரித்தார். "ஏனுங்க, ஆளை அளக்கிறதுன்னா உச்சந்தலை வரைக்கும் அளக்க மாட்டீங்களா? துணி கொறைச்சுத் தர்ற கடைக்காரனாட்டம் கண்ணோட நிறுத்திப்போட்டீங்க." "தலைக்கு மேல அவனவன் எதை வேணும்னாலும் வச்சுக்கிடுவான்வே. தலப்பா, தொப்பி, கொண்டை, இறகு. அதையெல்லாம் சேத்து அளந்தா ராஜாவும் தவிலுக்காரனும் ஒரே உசரம் வருவானா? கண்ணு மட்டும் ஏறாது, எறங்காது." அப்படிப்பட்ட ஆள். அளவு என்றால் அளவு. முதன்முதலாகப் பார்த்ததே அளவில்தான். சங்ககிரி பைபாசில் செங்கோடன் உடைசல் யார்டுக்கு வேலி போடுகிற சமயம், தாலுகா ஆபீசிலிருந்து சங்கிலியோடு வந்து இறங்கினார், திருநெல்வேலிப் பேச்சு, பென்சிலைக் காதில் செருகி. எல்லைக் கல்லு இந்த இடத்தில் வரும் என்று குச்சியை ஊன்றினார். செங்கோடன் பழக்க தோசத்தில் ஆரம்பித்தார், "ரெண்டடி அக்கட்ட தள்ளிப் போடுங்க சர்வேயரே, நானும் பாத்துக்கறேன், நீங்களும் பாத்துக்கலாம்." அந்த ஆள் கோபப்படவில்லை, பயப்படவில்லை, ஆசைப்படவும் இல்லை. "அளவுக்குப் பேரம் கிடையாதுவே" என்றார், அவ்வளவுதான். இத்தனை வருசத்தில் இவர் பேரம் படியாமல் திரும்பிய இடம் அது ஒன்று. அந்தக் கல் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, தினமும் அதில் காலை இடித்துக்கொள்கிறார். ஒரு வாரம் எரிச்சலாக இருந்தது, அடுத்த வாரம் கல் ஊன்றின ரசீதில் கையெழுத்து வாங்குகிற சாக்கில் அந்த ஆள் வீட்டுக்குப் போனார், பார்த்தால் மேசை நிறையச் சின்னச் சின்ன சிப்பாய்கள், தெர்மாகோலில் வரிவரியாக அடுக்கின மலை. "கொலு வெக்கிறீங்களா? கிறிஸ்துவங்கள்ல கொலு உண்டுங்களா?" "கொலு இல்லவே, போரு. எதிராளிதான் இல்ல. உக்காரும்." உட்கார்ந்தவர்தான். இவருக்குப் பாளையக்காரர் படை, அவருக்குக் கும்பினிப் படை. ஸ்பேர் பார்ட்ஸ் குடோன் மாடியில் ரெண்டு பழைய கதவைச் சேர்த்துப் போட்டு, கீழே நாலு லாரி டயர் முட்டுக் கொடுத்து ஒரு போர்க்களம். குதிரை எட்டு இஞ்சு போகும், காலாள் நாலு இஞ்சு போகும், துப்பாக்கி பன்னிரண்டு இஞ்சு எட்டும், எட்டினால் பகடை. "அரை இஞ்சுதானுங்க கம்மி, விடுங்க, பட்டதுன்னு வெச்சுக்கலாம்." "அளவுக்குப் பேரம் கிடையாது." பத்தொன்பது வருசம் இதே ரெண்டு வசனம். நாடகக்காரன் கூட அலுத்துப் போயிருப்பான்.

செருப்புச் சத்தம் திரும்பி வந்தது, ரெண்டாவது சொட்டு. இந்த முறை குளிர்ச்சி தெரியவில்லை, எரிச்சல். எரியட்டும். எரிய வேண்டியதுதான். மூன்று வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, மணி நாலு இருக்கும், பாளையக்காரர் படை மலைக்கு இடதுபக்கமாகச் சுற்றி வருகிறது, சர்வேயர் தன் முன்வரிசைச் சிப்பாயை ஒருத்தனை, ஒரே ஒருத்தனை, ரெண்டு இஞ்சு நகர்த்தக் கையை நீட்டினார். நீட்டின கை அந்த ஒருத்தனைத் தொட்டது, அவன் பக்கத்திலிருந்தவன் மேல் சாய்ந்தான், அவன் அடுத்தவன் மேல், கை பதறிப் பின்னால் இழுக்கும்போது மிச்சமிருந்தவர்களையும் வாரிக்கொண்டு போனது. பதினோரு பேர், மேசையிலிருந்து சிமெண்டுத் தரையில். ஈயம் தரையில் விழுகிற சத்தம், சின்னச் சத்தம்தான், டிக் டிக் டிக் என்று. துப்பாக்கிகள் முறிந்தன, ஒருத்தனுக்குக் கழுத்து போனது. செங்கோடன் ஜெயிக்கிற நேரம், தீபாவளியிலிருந்தே கை ராசி, போடுகிற பகடையெல்லாம் ஆறு, அந்தத் திமிர் வேறு. "கையாய்யா அது, களைக்கொத்தா? ஒரு பொம்மையை ஒழுங்கா எடுக்கத் துப்பில்லை, வயசாச்சுன்னா ஊட்டுல கட்டில்ல படுக்கறது!" இப்படித்தான் சொன்னார். வார்த்தை வார்த்தையாக ஞாபகம் இருக்கிறது, லோடு ஏற்றுகிறவனை, தப்பான போல்ட் கழற்றுகிறவனை, லைசென்ஸ் கேட்கிறவனை எல்லாம் திட்டுகிற அதே வாய், அதே தொனி. அவர்கள் திருப்பித் திட்டுவார்கள், அதோடு தீர்ந்து போகும். இந்த ஆள் திட்டவில்லை. குனிந்து, ரொம்ப நேரம் குனிந்து, பதினோரு பேரையும் பொறுக்கினார், ஒவ்வொருத்தனையும் எடுக்க ஒரு நிமிசம் ஆனது. செங்கோடன் நாற்காலியை விட்டு எழவில்லை. ஏன் எழவில்லை? பெட்டியை மூடிக்கொண்டு "வாரேன்" என்று போனார். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. அன்றைக்குத்தான் நல்லம்மாள் சோற்றுக் குண்டாவை நங்கென்று வைத்துவிட்டுச் சொன்னாள், பொண்டாட்டி சொல்லித் தெரிய வேண்டியிருக்கிறது, "அவருக்குக் கை நடுங்குது. ஆறு மாசமா. வாரத்துல ரெண்டு நாள் கொழம்பு கொண்டு போய்க் குடுக்கற எனக்குத் தெரியுது, வாரா வாரம் எதுத்தாப்புல மூணு மணி நேரம் உக்காந்து பகடை உருட்டற உங்களுக்குத் தெரியலை. கண்ணு என்ன பொடணியிலயா இருக்குது?" அந்தக் கேள்வியில்தான் மாட்டிக்கொண்டார். தெரியவில்லைதான். ரெண்டடி தூரத்தில் ஆறு மாசமாக ஒரு கை நடுங்கியிருக்கிறது, மாட்டுச் சந்தையில் தொழில் பழகி மாட்டுக் கண்ணைப் பார்த்தே பல்லு சொல்கிறவர், எதிராளி எச்சில் முழுங்குவதைப் பார்த்தே விலை சொல்கிறவர், பார்க்கவில்லை. பார்க்கவில்லையா, தெரியவில்லையா? அடுத்த நாள் காலண்டரை ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தார். வலது கண்ணில் தேதி இருந்தது. இடது கண்ணில் தேதி இருந்த இடத்தில் பால் ஊற்றின மாதிரி இருந்தது.

மடியில் போன் அதிர்ந்தது. கண்ணை மூடியபடியே தடவி எடுத்தார். நல்லம்மாள்தான், அவள் கூப்பிட்டால் போன் கூடக் கொஞ்சம் அதட்டலாக அதிருகிற மாதிரி ஒரு பிரமை. "சொட்டு விட்டாங்களா?" "விட்டாங்க." "யாருகிட்டயும் சண்டை போடாம உக்காந்திருக்கறீங்களா?" "கண்ணை மூடிட்டு எவங்கூடச் சண்டை போடறது?" "உங்களுக்கு ஆள் தெரிஞ்சாத்தான் சண்டையா. சரி, பக்கத்துல அவரு இருக்கறாருல்ல, பேசினீங்களா?" செங்கோடன் குரலைத் தாழ்த்தினார். "பஸ்ல பேசினோம். பவானி பாலத்துல தண்ணி போகுதுன்னாரு. ஆமான்னேன்." அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு, போனை வைக்கிற சத்தம். துணைக்கு ஒரு ஆள் கூட்டி வர வேண்டும் என்று ஆஸ்பத்திரிக்காரன் சொன்னதும் மூட்டுவலி என்று காலை நீட்டி உட்கார்ந்துகொண்டவள் அவள், சர்வேயருக்குப் போன் பண்ணினவளும் அவள். திட்டம் போட்டுத்தான் செய்திருக்கிறாள், கும்பினியில் சேர்த்திருக்கலாம். சர்வேயரும் காலையில் சொன்ன நேரத்துக்கு அஞ்சு நிமிசம் முன்னால் பஸ் ஸ்டாண்டில் நின்றார், வெள்ளைச் சட்டை, முழுக்கை, கையைக் கட்டிக்கொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி. ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கிறவனிடம் எப்படிப் பேச்சை எடுப்பது? செங்கோடன் வாழ்க்கையில் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று: முதலில் வாயைத் திறந்து விலை சொல்கிறவன் தோற்றான். எத்தனை நேரமானாலும் வெற்றிலையை மென்றுகொண்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டு, எதிராளியைச் சொல்ல விடு. அந்தச் சட்டத்தில்தான் குடோன் கட்டினார், பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்தார். இப்போது ரெண்டு பேரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு மூன்று வாரமாக உட்கார்ந்திருக்கிறார்கள். "செங்கோடன்" என்றார் சர்வேயர் திடீரென்று. செங்கோடன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்னுங்க." "டீ குடிக்கீரா? கீழ கேண்டீன் இருக்கு." "வாங்கிட்டு வாங்க." எழுந்து போகிற வேட்டிச் சத்தம். அட, டீயா.

போனது உறுதி என்றதும் செங்கோடன் கண்ணைத் திறந்தார். திறக்கக் கூடாதுதான். தாழ்வாரம் முழுக்க வெளிச்சம் பொங்கி வழிந்தது, சுவரில் மாட்டின கடிகாரம் ஒரு வெள்ளை இட்லி, எதிர் வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் மூக்கு முழி இல்லாமல் ஓரம் கரைந்து, சாயம் பூசாத சிப்பாய்களாக உட்கார்ந்திருந்தார்கள். இது மருந்தால்தான், சாயங்காலம் சரியாகிவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். சரியாகாவிட்டால்? உள்ளே விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு டாக்டர் உதட்டைப் பிதுக்கினால்? புரை என்றால் கீறி எடுத்துவிடலாம், நரம்பு என்றால் கீற முடியாது, அந்தியூரில் மாட்டுத் தரகர் ஒருத்தர் இருந்தார், கடைசி காலத்தில் கண் போய், மாட்டின் முதுகைத் தடவியே விலை சொல்வார், எல்லாரும் ஆகா என்பார்கள், ஆனால் ஆகா சொன்னவர்களே அவரை ஏமாற்றவும் செய்தார்கள். வேண்டாம். கண்ணாடிக்கூட்டைத் திறந்து, நடுவில் காலியாக இருந்த நாற்காலியில் மூன்று அளவையும் நிறுத்தினார். விரலால்தான் நிறுத்த முடிந்தது. நாற்பது, கட்டைவிரல் தடிமனில், தொப்பி, முகவாய், பெல்ட் எல்லாம் விரலுக்கே தெரிந்தது. இருபத்தெட்டு, பழகின ஆள், இருட்டில் கூட இவன் துப்பாக்கி எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவார். ஆறு, அதைத் தொட்டால் சீப்பைத் தொட்ட மாதிரி இருந்தது. இருபது உயிர், ஒரு சீப்பு. இதைப் பார்க்கவே வேண்டாம், இந்தக் கண்ணுக்கு இது கடுகு கொட்டின அட்டை, எவன் அதிகாரி எவன் கொடி பிடிக்கிறவன் என்று சாமி சத்தியமாகத் தெரியாது. நாற்பது என்றே பூரணியிடம் சொல்லிவிடலாம், சர்வேயர் டீயோடு வருவதற்குள் போனைப் போட்டு, நாற்பது அம்மிணி, ஏத்திரு என்று ஒரே மூச்சில். போனை எடுத்தார். அப்போதுதான் வரிசையின் அந்தக் கோடியில் ஒரு கனத்த மனிதர் வந்து பொத்தென்று உட்கார்ந்தார். ஒரே இரும்புத் தண்டில் கோத்த நாற்காலிகள், வரிசை மொத்தமும் ஒரு குலுங்கு குலுங்கியது. நாற்பது முதலில் ஆடியது, ஆடி முகங்குப்புற விழுந்து, உருண்டு, தரைக்குப் போனது. போகிற போக்கில் இருபத்தெட்டைத் தட்டிக்கொண்டு போனது. டிக். டிக். அதே சத்தம். செங்கோடன் மூச்சு விடாமல் கையை வைத்துத் தடவிப் பார்த்தார். ஆறு நின்றுகொண்டிருந்தது. இருபது பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தனை ஒருத்தன் பிடித்துக்கொண்டு கூட இல்லை, ஒரே அட்டையில் ஒட்டியிருந்தார்கள், அவ்வளவுதான். அட்டையை லேசாக உதறினார். நின்றார்கள். கையை வேண்டுமென்றே நடுங்க விட்டு, களைக்கொத்து மாதிரி விட்டு, அட்டையைப் பிடித்துத் தூக்கி வைத்தார். தூக்கினதும் நின்றார்கள், வைத்ததும் நின்றார்கள். அட முட்டாளே. பெரிசு வாங்கிக் கொடுத்தால் மனசு பெரிசு என்று நினைத்தாயே. பெரிய ஆளுக்குத்தானடா விழ உயரம் அதிகம். மூன்று நாள் யோசித்து, நடுங்குகிற கைக்கு ஊரிலேயே சீக்கிரம் கவிழ்கிற படையை ஆர்டர் கொடுக்க இருந்தாய்.

"ஏனுங்க, இது உங்களுதுங்களா?" கனத்த மனிதர் குனிந்து ரெண்டு சிப்பாயையும் பொறுக்கி நீட்டினார், நீட்டின உருவம் மட்டும் தெரிந்தது. "பேரனுக்குங்களா?" "ஆமாங்க. ரெண்டு பேரனுங்க. ஒண்ணு அறுபத்து மூணு வயசு, ஒண்ணு எழுபது." அவர் சிரித்துக்கொண்டே போய் உட்கார, மறுபடியும் ஒரு குலுங்கு. ஆறு அசையவில்லை. சரி, ஆறு. ஆறு என்றால் இவர் பார்க்க முடியாது. இவர் பார்க்க வேண்டுமென்றால் அவர் பிடிக்க முடியாது. இதற்கு எப்படி விலை போடுவது? எத்தனையோ வியாபாரத்தில் இவருக்கு லாபமென்றால் அவனுக்கு நஷ்டம், அதில் ஒரு சிக்கலும் இல்லை, கண்ணைக் கட்டிக்கொண்டு முடித்துவிடுவார். இதில் அந்த ஆள் ஜெயித்தால்தான் இவருக்கு ஆட்டமே உண்டு. எதிராளி இல்லாத படை கொலுதான். காலடிச் சத்தம் வந்தது, சர்வேயர் நடை, அளந்து வைக்கிற நடை. டீ டம்ளர் கையில் வந்து முட்டும் என்று செங்கோடன் கையை நீட்டிக்கொண்டிருந்தார். ஒன்றும் வரவில்லை. "டீ நல்லால்ல. ஆறிப் போச்சு. வாங்கல" என்றார் சர்வேயர். ஆனால் வாசம் வந்தது. ஏலக்காய் போட்ட சூடான டீ வாசம், கேண்டீன் பக்கமிருந்து வரவில்லை, மிகக் கிட்டத்தில், அந்த வெள்ளை முழுக்கைச் சட்டையிலிருந்து. மணிக்கட்டு வரை நனைந்திருக்க வேண்டும். ரெண்டு டம்ளர், மாடிப்படி, முப்பது படி. எந்தப் படியில் கவிழ்த்தார்? சுட்டிருக்குமா? செங்கோடன் நீட்டின கையை மடக்கிக்கொண்டார். அவர் அதைக் கேட்கவில்லை. கேட்டால் அந்த ஆள் இன்னொரு தடவை தரையில் குனிந்து பொறுக்க வேண்டியிருக்கும்.

"என்னவே இது, ஆஸ்பத்திரில படையெறக்கி இருக்கீரு?" சர்வேயர் குரலில் பழைய குரல் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. "சாம்பிளுங்க. புதுசா ரெண்டு படை செய்யச் சொல்லியிருக்கறேன். ஒரு மணிக்குள்ள அளவு சொல்லோணும்." சர்வேயர் நாற்காலியில் நின்ற அட்டைப் பக்கம் குனிந்தார். பிறகு மெதுவாக, "ஆறா? இது ஒமக்குத் தெரியாதுவே." "எனக்கா? எனக்கு நல்லாத் தெரியுது." "ஒமக்கு என்ன தெரியுது. தீபாவளியிலேருந்து அஞ்சை ஆறுன்னு சொல்லிட்டு இருக்கீரு." செங்கோடனுக்கு முதலில் புரியவில்லை. "என்ன அஞ்சு?" "பகடைவே. அஞ்சு விழுந்தா ஆறுங்கீரு. நடுப்புள்ளி ஒமக்கு ரெண்டாத் தெரியுது போல. நானும் எத்தன தடவ பாத்தாச்சு." தாழ்வாரத்து வெளிச்சம் கண்ணுக்குள் இன்னும் கொஞ்சம் பொங்கியது. அந்தக் கை ராசி. அந்த ஆறு ஆறாக விழுந்த பகடை, சட்டையைத் தூக்கிவிட்டுக்கொண்டு வீட்டில் நல்லம்மாளிடம் பீற்றினது, "இன்னைக்கும் சர்வேயரை ஓட ஓட விரட்டிட்டேன்" என்றது. "அப்பவே சொல்றதுக்கென்னய்யா?" "சொல்லி என்னத்துக்கு. நீரு சந்தோசமா இருந்தீரு." அரை இஞ்சு விடாத மனிதன். ரெண்டடி கல்லைத் தள்ளாத மனிதன். ஆறு மாசமாக அஞ்சை ஆறாக விட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்து, நடுங்குகிற கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு, தோற்றுக்கொண்டிருந்திருக்கிறான்.

செருப்புச் சத்தம். மூன்றாவது சொட்டு. "ஐயா கண்ணைத் திறந்தீங்களா? பொய் சொல்லாதீங்க, கண்ணே சொல்லுது" என்று திட்டிக்கொண்டே விட்டுவிட்டுப் போனாள். கண்ணை மூடினார். மூடினதும் எங்கிருந்தோ மாட்டுச் சாணி வாசம் வந்தது, புழுதி, சலங்கை, அந்தியூர்ச் சந்தை. பத்தொன்பது வயசில் அங்கேதான் தொழில் கற்றார், பள்ளிக்கூடம் கற்றுத்தராததையெல்லாம் அடி வாங்கிக் கற்றார். விலையை வாயால் சொல்ல மாட்டார்கள், சுற்றி நூறு காது. துண்டைப் போட்டுக் கையை மூடிக்கொள்வார்கள், உள்ளே விரலைப் பிடித்தால் விரலுக்கு ஒன்று, முழுக்கையையும் பிடித்து அழுத்தினால் அஞ்சு. முகத்தில் ஈ உட்கார்ந்தாலும் அசையக் கூடாது. இதைச் சர்வேயரிடம் சொன்னபோது அவர் எவ்வளவு கிண்டல் பண்ணினார், "கணக்கை மூடி வச்சுப் பேசுத ஊரு ஒம்ம ஊரு ஒண்ணுதான்வே" என்று. செங்கோடன் காலி நாற்காலியிலிருந்த சிப்பாய்களை அள்ளிக் கூட்டில் போட்டுவிட்டு நகர்ந்து அதில் உட்கார்ந்தார். தோளிலிருந்த துண்டை உருவி மடியில் விரித்து, அதற்கடியில் கையை வைத்துக் காத்திருந்தார். "கையை விடுங்க சர்வேயரே." "என்னத்துக்கு?" "விடுங்கன்னா விடுங்க. வாயில பேசினா நான் ஏடாகூடமாப் பேசிப்போடுவேன். பேசினதுதான் தெரியுமே."

யாரோ ஒரு குழந்தை எழுத்துப் பலகையைப் பார்த்து 'ட, ப, ம' என்று சத்தமாகப் படித்தது. பிறகு துண்டு லேசாக அசைந்தது, ஈரமான சட்டைக்கை உரச, ஒரு கை உள்ளே வந்தது. பிடித்தார். பிடித்ததும்தான் தெரிந்தது நடுக்கம் என்றால் என்னவென்று, கையில் பிடித்த குருவி மாதிரி, ஓடுகிற இஞ்சின் மேல் வைத்த மாதிரி, நிற்காமல், அந்த ஆள் உட்கார்ந்திருக்க அந்தக் கை மட்டும் எங்கேயோ அவசரமாகப் போய்க்கொண்டிருந்தது. இதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாரா. அறுபத்து மூன்று வயசில் முதல் தடவையாகச் செங்கோடன் தன் சட்டத்தை மீறி முதலில் விலை சொன்னார். முழுக்கையை ஒரு அழுத்து, அப்புறம் ஒற்றை விரல். ஆறு. கை ஒரு நொடி யோசித்தது. பிறகு அது இவர் கையைப் பிடித்தது. முழுக்கை, முழுக்கை, முழுக்கை, முழுக்கை, முழுக்கை, மூன்று விரல். இருபத்தெட்டு. "பைத்தியமாய்யா உங்களுக்கு" என்றார் செங்கோடன் பல்லைக் கடித்துக்கொண்டு. "அதை எடுத்து வெக்க உங்களால ஆகாது." "ஆறை எடுத்துப் பாக்க ஒம்மால ஆகாது. பேரம் பண்ண வந்தா பண்ணும், வையாதீரு." என்ன வியாபாரமடா இது, அவனவன் தனக்கு ஆகாத விலையைக் கூவிக்கொண்டு, சந்தையில் யாராவது பார்த்திருந்தால் ரெண்டு பேரையும் கட்டி வைத்திருப்பார்கள். செங்கோடன் ரெண்டு முழுக்கை கொடுத்தார், பத்து. அவர் நாலு முழுக்கை, இருபது. செங்கோடன் ரெண்டு முழுக்கையும் ரெண்டு விரலும். சர்வேயர் கை சும்மா இருந்தது, சும்மா இருக்க முடியாமல் நடுங்கிக்கொண்டு சும்மா இருந்தது. "அஞ்சஞ்சு பேரா ஒரே அட்டையில ஒட்டச் சொல்லலாம்" என்றார் செங்கோடன், வாயால், மெதுவாக. "அட்டைக்கு ஓரத்துல பிடிக்கறாப்புல கொஞ்சம் எடம் விடச் சொல்லலாம். சட்டைக்கு நல்லாப் பளிச்சுன்னு செகப்பு அடிச்சா எனக்கும் தெரியும். பகடையை நீங்களே படிங்க. அஞ்சுன்னா அஞ்சு." "அஞ்சுன்னா அஞ்சுதான்" என்றார் சர்வேயர். அப்புறம் முழுக்கை. எண்ணுவது சிரமமாக இருந்தது, எது பிடிப்பு எது நடுக்கம் என்று தெரியவில்லை, ஆகவே செங்கோடன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கவனித்தார், சந்தையில் முதல் மாட்டுக்குக் கவனித்ததை விடக் கூடுதலாக. மறுபடி முழுக்கை. மறுபடி. பதினஞ்சு. காலடியிலிருந்து கண் வரை பதினஞ்சு. அளவுக்குப் பேரம் கிடையாதென்ற ஆள் அளவில் பேரம் பேசி, பதிமூன்று இறங்கி வந்திருக்கிறார்.

"படிஞ்சுது" என்றார் செங்கோடன்.

"படிஞ்சுதுல்லா, கைய விடும்."

"செங்கோடன்! சங்ககிரி செங்கோடன்! உள்ள வாங்க ஐயா, டாக்டர் கூப்பிடறாங்க" என்று அந்தப் பொண்ணு வந்து நின்றாள். "இதென்னங்க துண்டுக்குள்ள?" "வேவாரம், அம்மிணி. ஒரு நிமிசம் பொறு." போனை இடது கையால் எடுத்து, பூரணி பேரைத் தேடக் கண் தெரியாமல், சர்வேயரிடம் நீட்டினார். "கூப்பிட்டு நீங்களே சொல்லுங்க. நீங்க சொன்னா அளவு மாறாது." சர்வேயர் தன் இன்னொரு கையால் அதை வாங்கினார். போன் ஆடிக்கொண்டே அவர் காதுக்குப் போவது, கலங்கின வெளிச்சத்துக்குள் செங்கோடனுக்குத் தெரிந்தது. அவ்வளவு பெரிய நடுக்கத்தைப் பார்க்க நல்ல கண் வேண்டியதில்லை. துண்டுக்கடியில் இருந்த கையை அவர் இன்னும் விடவில்லை, அதுவும் போகவில்லை. அது இன்னொரு தடவை முழுதாக அழுத்தியது, நாலாவது தடவை. அது கணக்கில் சேர்த்தியில்லை.